கேட்டுக்கொண்டோம், இன்னும் முடியவில்லை

பிப்ரவரி 3, திங்கள்

காலை 124/80. மாலை 132/86.

இந்த டைரி அண்ணன் கடைக்கு வந்தது. பெயிண்ட் கம்பெனிக்காரர்கள் வருடா வருடம் கொடுப்பது. ஒவ்வொரு பக்கத்து மூலையிலும் ஒரு நிறம் அச்சடித்து, கீழே அதற்கொரு பெயர். இன்றைய நிறம் 'மாம்பழத் தென்றல்'. மாம்பழத்துக்கும் தென்றலுக்கும் என்ன சம்பந்தம் என்று பெயர் வைத்தவனைத்தான் கேட்க வேண்டும்.

ஆஸ்பத்திரி ஒருங்கிணைப்பாளர் அம்மா தினமும் இரண்டு வேளை பிரஷர் பார்த்துக் குறித்து வைக்கச் சொன்னார். அதற்கென்று தனியாக நோட்டு வாங்குவானேன் என்று இதை எடுத்தேன். எழுத உட்கார்ந்தால் எண்ணோடு நிறுத்த முடியவில்லை.

விஷயத்தை ஒரு தடவை எழுதிவிடுகிறேன், அப்புறம் எழுத வேண்டியதில்லை. அண்ணன் சௌந்தரபாண்டிக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. ஒன்றரை வருடமாக டயாலிசிஸ். அண்ணிக்குச் சர்க்கரை, அவர் கொடுக்க முடியாது. பையன் சென்னையில் படிக்கிறான், அவனைக் கேட்கவே கூடாது என்று அண்ணன் சொல்லிவிட்டார். பொங்கலன்று எல்லோரும் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏத்தா வல்லி, நீயோ ஒண்டிக்கட்ட..." என்று ஆரம்பித்தார். "சரி பெரியப்பா" என்றேன். அவர் இன்னும் கேட்கவே இல்லை. அண்ணி சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்து எனக்கு நெட்டி முறித்தார். விரல் பத்தும் சடசடவென்று முறிந்தன. அவ்வளவு திருஷ்டி எனக்கு இருக்கிறதாம்!

பரிசோதனை எல்லாம் பொருந்திவிட்டது. மார்ச் ஆறாம் தேதி ஆஸ்பத்திரிக் குழு என்னைத் தனியாகக் கூப்பிட்டு விசாரிக்கும். சம்மதம் எழுதி வாங்கியபின் ஆபரேஷன் தேதி.

சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். மாலையில் பிரஷர் ஏறியது காபியினால்.

பிப்ரவரி 5, புதன்

காலை 128/84. மாலை பார்க்க மறந்துவிட்டேன்.

பைபாஸ் ரோட்டில் கீழே பேக்கரி, மேலே எங்கள் கம்பெனி. நாங்கள் செய்யும் மென்பொருள் எப்படி இருந்தாலும் பப்ஸ் வாசனையில் குறை வைக்க முடியாது. மதுரையைச் சுற்றியுள்ள டயாலிசிஸ் மையங்களில் இடம் பதிவதற்கு 'முறை' என்று ஒரு ஆப் நடத்துகிறோம். அண்ணன் நோய்வாய்ப்படுவதற்கு முன்பே ஆரம்பித்த வேலை. இப்போது அவரும் அதில் ஒரு வாடிக்கையாளர்.

மதியம் போன்.

"ஏ வல்லி, ஒங்க ஆப்புல வெள்ளிக்கெழமைக்குப் பதிஞ்சேன். 'சரி'ன்னு பச்சையா வந்துச்சு. எதுக்கும் இருக்கட்டும்னு ஆஸ்பத்திரிக்கும் ஒரு போனப் போட்டேன். அந்தப் பிள்ள, எடமே இல்லையேண்ணேங்குது. என்னன்னு கொஞ்சம் பாரு."

"சரிண்ணே, பாக்குறேன்."

இந்த அண்ணனுக்கு எதையும் இரண்டு தடவை விசாரிக்காமல் தூக்கம் வராது. பஸ்ஸில் ஏறிவிட்டுக் கண்டக்டரிடம் கேட்டு, பக்கத்து சீட்டுக்காரரிடமும் ஒரு தடவை கேட்டுக்கொள்வார். ஆஸ்பத்திரிப் பெண்தான் சரியாகப் பார்த்திருக்காது என்று விட்டுவிட்டேன். எங்கள் மேலாளர் குமரேசன் சார் வேறு, புதுப் பதிப்பு எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று யாருக்கோ காட்டுவதற்காக என்னைப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார்.

பிப்ரவரி 8, சனி

134/88. துணி துவைத்தேன். உப்பைக் குறைத்துச் சமைத்தேன். வாயில் வைக்க முடியவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

காலை 130/86. மாலை 142/92.

உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒச்சம்மா என்று ஒரு அம்மா உதவி எண்ணுக்குக் கூப்பிட்டார். எடுத்தது ரியாஸ். என் குழுவில் இருக்கிற பையன்களில் கொஞ்சம் நெஞ்சில் ஈரம் உள்ளவன். பேசப் பேச அவன் முகம் மாறுவதைப் பார்த்துவிட்டு ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

"எங்கய்யாவ சனிக்கெழம கூட்டியாந்தோம் தம்பி. எடமில்ல, அடுத்த வாரம் வாங்கன்னுட்டாக. ஒங்க போனுல சரின்னுதான வந்துச்சு? பச்சையா வந்துச்சே! அதனாலதான வேற எங்கிட்டும் கேக்கல. தெக்குவாசல்ல எங்க சின்னம்மா மக வேல பாக்குற எடத்துல ரெண்டு நாளா எடம் காலியாத்தேன் கெடந்துருக்கு. அங்கிட்டுக் கொண்டு போறதுக்குள்ள மூச்சு எளைச்சுப் போச்சு. இப்பத் தீவிரச் சிகிச்சையில கெடக்காரு."

ரியாஸ் என்னைப் பார்த்தான். நான் மேசையைப் பார்த்தேன்.

குமரேசன் சார் அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, "நெட்வொர்க் பிரச்சனைன்னு சொல்லிருங்க. கிராமத்துல டவர் சரியா கெடைக்காதில்ல" என்றார். டவர் கிடைக்காமலா பச்சையாக வந்தது என்று கேட்க நினைத்தேன். "சரி சார்" என்றேன்.

அண்ணன் போன புதன்கிழமையே சொன்னார். எனக்கு மட்டும்தான் தெரியும்.

பிப்ரவரி 11, செவ்வாய்

பிரஷர் பார்க்கவில்லை.

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்த சந்தோஷம் ஒன்று வருமே, அது வரவில்லை.

எனக்கே புரிகிற மாதிரி எழுதிப் பார்க்கிறேன். ஆப்புக்கும் ஆஸ்பத்திரிக் கணினிக்கும் நடுவில் எங்கள் சர்வர் இருக்கிறது. அதை நாங்கள் வாசல் என்போம். யார் என்ன கேட்டாலும் வாசல் பதில் சொல்லும்போது முதல் வரியில் ஒரு எண்ணைச் சொல்ல வேண்டும். 200 என்றால் ஆயிற்று. 202 என்றால் காதில் விழுந்தது, ஆனால் இன்னும் செய்யவில்லை. 409 என்றால் இடிக்கிறது, இடமில்லை. மற்ற விவரமெல்லாம் எண்ணுக்குப் பிறகுதான் வரும். ஆப் விவரத்தைப் படிக்காது. எண்ணை மட்டும் பார்த்துப் பச்சையோ சிவப்போ காட்டிவிட்டுப் போய்விடும்.

புதுப் பதிப்பில் வேகம் வேண்டும் என்று, ஆஸ்பத்திரி பதில் சொல்வதற்கு முன்பே வாசல் வாயைத் திறக்கும்படி செய்துவிட்டோம். வாயைத் திறக்கும்போது எந்த எண்ணைச் சொல்வது என்று நாம் சொல்லாவிட்டால், சர்வர் தானாகவே 200 என்று சொல்லிவிடும். அதன் பழக்கம் அப்படி. அப்புறம் ஆஸ்பத்திரியிலிருந்து 'இடமில்லை' என்று வருகிறது. வந்து என்ன செய்ய? முதல் வரி போய்விட்டது. போன வரியைத் திரும்பக் கூப்பிட முடியாது. பாவம், அது அடியில் எங்கோ பொடி எழுத்தில் 'இடமில்லை' என்று எழுதி அனுப்பியிருக்கிறது. அதை யார் படிப்பார்கள்?

அதுமட்டுமில்லை, ஒவ்வொரு தடவையும் வாசல் தன் பதிவில் புலம்பியிருக்கிறது. 'முதல் வரி ஏற்கனவே போய்விட்டது, இனி மாற்ற முடியாது.' இதே வரி பக்கம் பக்கமாகக் கிடக்கிறது. ஒருத்தரும் திறந்து பார்க்கவில்லை.

ரியாஸ் திரையைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "என்னக்கா இது, கேள்வி முடியறதுக்குள்ளயே சரி சரின்னு தலையாட்டியிருக்கு!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனிடம் எரிந்து விழுந்தேன். அப்புறம் பப்ஸ் வாங்கிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 13, வியாழன்

138/90.

குமரேசன் சாரோடு சண்டை. சண்டை என்றால் அவர் பேசினார், நான் நின்றேன். பழைய பதிப்புக்குத் திரும்பினால் வேகம் குறையும், மேலிடத்தில் என்ன சொல்வது என்கிறார். "நீங்களே ஒரு வழி பண்ணுங்க வல்லி, ஒங்களால முடியும்" என்றார். இந்த வாக்கியத்துக்கு நான் எத்தனை வருடமாகச் 'சரி சார்' போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று யாராவது கணக்கெடுத்தால் நன்றாக இருக்கும்.

போகட்டும், ஒரு ஏற்பாடு செய்தோம். சரிசெய்து முடியும்வரை பதிவு செய்கிற எல்லோருக்கும் ரியாஸும் மற்றவர்களும் போன் போட்டு உறுதிசெய்ய வேண்டும். அண்ணன் செய்கிற வேலையை மொத்த ஆபீஸும் செய்கிறது.

பிப்ரவரி 16, ஞாயிறு

மாலை 146/94. ஆட்டோவில் குலுக்கல்.

அண்ணன் வீட்டில் சாப்பாடு. அண்ணி எனக்கு மட்டும் தனியாக ஆட்டு ஈரல் வறுத்து வைத்திருந்தார். "நல்லாச் சாப்புடு, ஒடம்பத் தேத்தணும்" என்று கிண்ணத்தோடு கவிழ்த்தார். கல்யாணத்துக்குப் பெண் பார்த்த காலத்தில்கூட எனக்கு இந்த மரியாதை கிடைத்ததில்லை. அண்ணன் உப்பில்லாத ரசத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேல்சட்டைக்குள் தோள்பட்டை எலும்பு தெரிகிறது. கடையில் இருபது கிலோ டின்னை ஒரு கையில் தூக்கி வைத்த ஆள்.

கைகழுவப் போகும்போது அண்ணி அடுப்படியில் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். "அவளுக்கென்னக்கா, பிள்ளையா குட்டியா? லீவப் போட்டுட்டு நம்ம வீட்லயே கெடக்கட்டும், நான் பாத்துக்கிட மாட்டேனா?" கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அண்ணி பார்த்துக்கொள்வார்தான். அப்படி எழுதினால்தான் நியாயம்.

புறப்படும்போது அண்ணி வெற்றிலை மடித்துக்கொண்டே சொன்னார். "மூளைச்சாவு ஆனவுக கிட்னி கெடைக்குமாம்ல, அந்த வரிசையில பேரு குடுத்து வைங்கன்னு டாக்டரு தைக்கு முன்னாடியே சொன்னாரு. அதான் வீட்லயே ஆளு இருக்கே, எதுக்கு அலையணும்னு நான் விட்டுட்டேன்."

"சரி அண்ணி" என்றேன். எதற்குச் சரி என்றேன் என்று தெரியவில்லை. ஆட்டோவில் வரும்போது ஒச்சம்மா சொன்னது திரும்பத் திரும்ப வந்தது. அதனாலதான வேற எங்கிட்டும் கேக்கல.

பிப்ரவரி 18, செவ்வாய்

136/88.

எண்ணைச் சரிசெய்தால் மட்டும் போதாது. இன்னொரு வில்லங்கம் கிடக்கிறது. ஆப்பில் 200-க்கும் 'சரி', 202-க்கும் 'சரி'. இரண்டுக்கும் தமிழ் போட்டது நான்தான். அப்போது என்ன நினைத்துப் போட்டேன்? ஒன்றும் நினைத்திருக்க மாட்டேன். தமிழில் காதில் விழுந்தாலும் சரி, ஒப்புக்கொண்டாலும் சரி, வேலை முடிந்தாலும் சரி, பேச்சை நிறுத்து என்றாலும் சரிதானே!

202-க்கு வேறு சொல் வேண்டும் என்று ரியாஸோடு உட்கார்ந்தேன்.

"ஏற்கப்பட்டதுன்னு போடலாம்க்கா."

"அதுவும் கெடைச்சிருச்சுன்னுதான் நெனைப்பாங்க."

"அப்ப, பார்க்கிறோம்?"

"டேய், பாக்கலாம்னா நம்ம ஊர்ல இல்லைன்னு அர்த்தம்."

"ஆமாக்கா, எங்க மாமா பொண்ணு வீட்டுல பாக்கலாம்னாங்க. இன்னும் பாத்துக்கிட்டே இருக்காங்க." அவன் கல்யாணக் கதை பெரிய கதை, இங்கே வேண்டாம்.

மத்தியானம் முழுக்கச் சொல் தேடினோம். சரி என்கிற மாதிரியும் இருக்கக் கூடாது, இல்லை என்கிற மாதிரியும் இருக்கக் கூடாது. நம் ஜனங்களுக்கு அப்படி ஒரு பதில் சொல்லியே பழக்கமில்லை. யாராவது முகத்துக்கு நேரே கேட்டால் உடனே ஒன்றைச் சொல்லி அனுப்ப வேண்டும். கடைசியில் அலுத்துப்போய், உள்ளது உள்ளபடியே எழுது என்று சொல்லிவிட்டேன். 'கேட்டுக்கொண்டோம். இன்னும் முடியவில்லை.'

"நீளமா இருக்கேக்கா" என்றான். இருக்கட்டும்.

பிப்ரவரி 21, வெள்ளி

இன்று லீவு. ஒரு நாள் முழுக்கச் சிறுநீரைக் கேனில் பிடித்து ஆஸ்பத்திரியில் கொடுக்க வேண்டும். மாடிப்படியில் கேனோடு இறங்கும்போது வீட்டுக்கார அம்மா, "என்ன வல்லி, நல்லெண்ணெயா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். எனக்கும் ஒரு லிட்டர் சொல்லி வையேன் என்றார். சரி என்றேன்.

பிப்ரவரி 24, திங்கள்

140/90. ஒருங்கிணைப்பாளர் அம்மாவுக்கு எண்களைப் படித்துச் சொன்னேன். "ஏம்மா ஏறிட்டே போகுது, எதையாவது நெனைச்சு கவலைப்படுறீங்களா?" என்று கேட்டார். ஆபீசில் வேலை அதிகம் என்றேன். அது பொய்யில்லை.

பிப்ரவரி 27, வியாழன்

மாலை 144/92.

ஒரு கிட்னியோடு எல்லோரும் நன்றாக வாழலாம் என்று கையேட்டில் போட்டிருக்கிறது. முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்தேன். எல்லாம் நல்லதாகவே போட்டிருக்கிறது. படத்தில் இருக்கிற அம்மாள் பேரனோடு சிரிக்கிறார்.

அண்ணனுக்கு ஒன்று என்றதும் பந்தியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நாளைக்கு எனக்கு ஒன்று என்றால் பெரியப்பா யாரைப் பார்த்துச் செருமுவார்?

எழுதியதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். பேனாவில் எழுதிவிட்டேன். இந்தப் பக்கத்து நிறத்துக்கு 'அமைதிச் சாம்பல்' என்று பெயர். கம்பெனிக்காரனுக்குக் கொழுப்பு.

மார்ச் 3, திங்கள்

138/88.

திருத்திய பதிப்பு இன்று ஏறியது. இனிமேல் வாசல், ஆஸ்பத்திரி பதில் சொல்லும்வரை 200 என்று வாயைத் திறக்காது; 202 சொல்லிவிட்டு, ஆப் மறுபடி கேட்கும்போதுதான் மீதியைச் சொல்லும். இடமில்லை என்றால் சிவப்பாகவே 'இடமில்லை' என்று சொல்லும்.

மாலைக்குள் உதவி எண்ணில் ஒரே திட்டு. "முன்னாடியெல்லாம் நல்லா சரின்னு வந்துச்சு, இப்ப என்னய்யா இல்லைங்குது? ஆப்பக் கெடுத்து வச்சிருக்கீங்க!" குமரேசன் சார் என்னைக் கூப்பிட்டு, "பாத்தீங்களா, பொய் சொன்னப்ப ஒரு புகாரும் இல்ல" என்றார். அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

ஒச்சம்மாவின் அய்யா வீட்டுக்கு வந்துவிட்டாராம். ரியாஸ் தினமும் விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறான், எனக்குத் தெரியாது. ஒச்சம்மா கூப்பிடுவதற்கு முன்பே அண்ணன் சொல்லி எனக்குத் தெரியும் என்பதை இதுவரை அவனிடம் சொல்லவில்லை.

மார்ச் 6, வியாழன்

ஆஸ்பத்திரியில் எடுத்தது 150/96. இப்போது எவ்வளவு என்று தெரியவில்லை, பார்க்கப் போவதில்லை.

அண்ணியும் நானும் போனோம். அண்ணி பட்டுப்புடவை கட்டியிருந்தார். குழு அறைக்குள் என்னை மட்டும் விட்டார்கள். மேசைக்குப் பின்னால் மூன்று பேர், பேசியது டாக்டர் கிரேஸ் மட்டும்தான். நரைத்த கிராப்பு, கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டியிருந்தார்.

"செண்பகவல்லி, நீங்க உங்க அண்ணனுக்கு ஒரு கிட்னியை, யாரோட கட்டாயமும் இல்லாம..."

"சரி மேடம்."

டாக்டர் எழுதவில்லை. பேனாவை மூடிக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "நான் இன்னும் கேட்டே முடிக்கலையேம்மா."

எனக்குக் காது சுட்டது.

"உங்க அண்ணன் போன வாரம் இதே நாற்காலியில உக்காந்திருந்தார். என்ன சொன்னார் தெரியுமா? 'எந்தங்கச்சி எதக் கேட்டாலும் சரிம்பா டாக்டர், கேள்விய முழுசாக் கேட்டுக்கிட மாட்டா. அவ மொதல்ல சொல்ற சரிய எழுதிக்கிடாதீக. கொஞ்சம் சும்மா இருந்து, ரெண்டாவது என்ன சொல்றான்னு பாருங்க'ன்னார்."

அப்புறம் அவர் நிஜமாகவே சும்மா இருந்தார். மூன்று பேரும் சும்மா இருந்தார்கள். எனக்கு வாயில் சரி சரியாக வந்தது, விழுங்கினேன். பாவி அண்ணன்! ரசத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆள் என்னையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"எனக்குப் பயமா இருக்கு மேடம்" என்றேன். அதைச் சொன்னதும் மற்றதும் வந்துவிட்டது. "எனக்குக் குடுக்க மனசு வரல. அண்ணன் மேல உசுரு. ஆனா மனசு வரல. எனக்குன்னு ஒருத்தரும் இல்ல. இருக்குறது இந்த ஒடம்பு ஒண்ணுதான்." சத்தமாக அழுதேன். நாற்பது வயதில் அந்நியர்கள் மூன்று பேர் முன்னால் மூக்கைச் சிந்தினேன். வெட்கமாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை.

டாக்டர் தண்ணீர் கொடுத்தார். "வீட்டுல என்ன சொல்றதுன்னு நீங்க கவலைப்பட வேண்டாம். உங்க உடம்பு ஒத்துவரலைன்னு நாங்களே சொல்லிடுவோம். எதனாலன்னு சொல்ல மாட்டோம். இது வழக்கம்தான். உங்களுக்கு ஒரு கெட்ட பேரும் வராது."

எவ்வளவு நல்ல ஏற்பாடு! பிடித்துக்கொள்ள வேண்டும் என்று கை பரபரத்தது. இன்றைய பிரஷரையே காரணமாகச் சொல்லிவிடலாம். அப்புறம் நடக்கப்போவது கண்முன் வந்தது. அண்ணி பதறிப்போவார். என் உடம்புக்கு என்னவோ என்று எனக்காகவும் வேண்டிக்கொள்வார், பாண்டி கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போவார், ஈரல் வறுப்பார். அதை உட்கார்ந்து சாப்பிட வேண்டும். ஒரு மாதமாக எதை ஒழிக்கக் கண்விழித்து வேலை பார்த்தேனோ, அதையே எனக்குப் பச்சையாகப் பூசித் தருகிறார்கள்.

"வேண்டாம் மேடம். நானே சொல்லிக்கிறேன்."

வெளியே வந்ததும் அண்ணி கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன கேட்டாக? எப்பவாம்?" என்றார்.

"நாளைக்குச் சொல்றேன் அண்ணி" என்றேன். சரி என்று சொல்லவில்லை, அதுவரைக்கும் தேறினேன்.

மார்ச் 7, வெள்ளி

டயாலிசிஸ் அறை. அண்ணன் சாய்வு நாற்காலியில் கிடந்தார், கையில் குழாய். பக்கத்தில் அண்ணி முக்காலியில் உட்கார்ந்திருந்தார். மூன்றாவதாக உட்கார இடமில்லை, நின்றுகொண்டே சொன்னேன். கிட்னி பொருந்துகிறது. உடம்பில் ஒன்றுமில்லை. எனக்கு மனசில்லை, என்னால் முடியாது.

அண்ணிதான் எழுந்தார்.

"பொங்கல்லருந்து இன்னைக்கு வரைக்கும் வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த? முடியாதுன்னா முடியாதுன்னு அன்னைக்கே சொல்றதுக்கு என்னடி? ஒன்னய யாராச்சும் கையக் காலக் கட்டிக் கேட்டமா? நீ சரின்னு சொல்லப்போயித்தான அந்த வரிசைக்குக்கூடப் போகாம இருந்தேன்! எத்தன நாளு வீணாப் போச்சு! இந்த மனுசனப் பாரு!"

அத்தனையும் உண்மை. நர்ஸ் வந்து, சத்தம் போடாதீங்கம்மா என்று சொல்லிவிட்டுப் போனது.

"இந்திராணி, உக்காரு" என்றார் அண்ணன். "பேரு குடுத்தாச்சு."

"எங்க?"

"அந்த வரிசையிலதேன். பொங்கல் முடிஞ்ச மறுவாரமே."

அண்ணி அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீ இவகிட்டச் சொல்லுவ. இவ, நம்மள நம்பலையேன்னு மூலையில உக்காந்து அழுவா." பேசினாலே அவருக்கு இளைப்பு வாங்குகிறது, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "இவ சரின்னு சொன்னத நம்பி என்னைக்காச்சும் நான் எதையும் நிறுத்தியிருக்கேனா? ஒம்பதாப்பு படிக்கையில, இஸ்திரிக் கடையில சட்ட கெடக்கு, வாங்கிட்டு வந்துருடின்னேன். சரின்னா. சித்தப்பா கல்யாணத்துக்கு நான் என்ன சட்ட போட்டுட்டுப் போனேன்னு கேளு."

"பள்ளிக்கூடச் சட்ட" என்றேன். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"அப்ப நான் குடுக்க மாட்டேன்னு ஒனக்கு முன்னாடியே தெரியுமாண்ணே?"

"தெரியாது. நீ குடுத்தாலும் குடுப்ப. என்ன சொல்றோம்னு ஒனக்கே தெரியலைங்குறது மட்டும் தெரிஞ்சுச்சு."

வரிசையில் எப்போது கிடைக்குமாம் என்று கேட்டேன். பேரை வாங்கிக்கொண்டார்களாம், எப்போது என்று சொல்ல முடியாதாம். வருடக்கணக்கில் ஆகலாமாம். அதற்குள்ளே என்ன வேண்டுமானாலும் ஆகலாம் என்பதை அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரியும், அண்ணிக்கும் தெரியும். குழாய் மாட்டிய அந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம் இது என்னால் என்று தோன்றும். தோன்றட்டும், இதற்கு மேல் நல்ல பெயர் வாங்கித் தர என்னிடம் எதுவும் இல்லை.

அண்ணி அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. நான் கிளம்பும்போது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மார்ச் 10, திங்கள்

ரியாஸிடம் சொல்லிவிட்டேன். அண்ணன் முன்னாடியே போன் போட்டதை, நான் பார்க்காமல் விட்டதை. "ஒச்சம்மாகிட்ட யாருக்கா சொல்றது?" என்று கேட்டான். நான்தான் என்றேன். எண்ணை வாங்கிக் கூப்பிட்டேன். அவர் திட்டியதை இங்கே எழுத முடியாது. முழுக்கக் கேட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

122/80. இனிமேல் பார்க்க வேண்டியதில்லை. பழக்கதோஷம்.

சாயங்காலம் அண்ணன் போன். அந்த வெள்ளிக்குப் பிறகு இப்போதுதான் பேசுகிறார்.

"வல்லி, வார வெள்ளிக்கெழமைக்கு நீயே பதிஞ்சு குடு. என் போனுல எழுத்து சின்னதாத் தெரியுது."

பதிந்தேன். திரையில் வந்தது: 'கேட்டுக்கொண்டோம். இன்னும் முடியவில்லை.'

"என்ன வந்துச்சு?"

"இன்னும் வரலண்ணே. இருங்குது."

இருவரும் இருந்தோம். அவர் பக்கம் டின் மூடியை யாரோ தட்டித் திறக்கும் சத்தம் கேட்டது, கடையில்தான் இருக்கிறார். கொஞ்ச நேரத்தில் பச்சை வந்தது. சொன்னேன்.

"எதுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஒரு போனப் போட்டுக்கிடுறேன்."

"போட்டுக்கண்ணே."

போனை வைக்கப் போனார். அதற்குள் கேட்டுவிட்டேன். "வெள்ளிக்கெழம நானும் கூட வரட்டாண்ணே? அண்ணி இருப்பாங்கன்னு தெரியும். ஓரமா நிக்கிறேன்."

"சரி" என்றார்.

"எந்தச் சரிண்ணே?"

பதில் இல்லை. வேறு நாளாக இருந்தால் நானே எதையாவது சொல்லி அந்த இடத்தை நிரப்பியிருப்பேன். போனைக் காதோடு வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

"வா" என்றார்.